சமையல்கட்டுக்கு ஜன்னல் கேட்ட அம்மா

சில வருஷம் முன்பு ஒரு குடியிருப்புத் திட்டத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வீட்டு வரைபடம் கலரில் அச்சாகி ஏற்கெனவே சுவரில் தொங்கியது. "சமையல்கட்டுக்கு ஜன்னலே இல்லையே சார்" என்றார் ஒரு அம்மா. குறித்துக்கொண்டார்கள். வீடுகள் எழும்பின. ஜன்னல் இல்லை.

மக்களோடு சேர்ந்து கட்டுவது என்று யாராவது பேசினால் அந்த அம்மாவின் முகம் வந்துவிடும். கூடவே காண்டோ என்ற ஊரும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோவின் சின்னக் கிராமம் அது. ஊர்த்தலைவரின் மகன் பிரான்சிஸ் கேரே, உள்ளூரில் பள்ளி இல்லாததால் ஏழு வயதில் வெளியூர் போய்ப் படித்தவர். லீவு முடிந்து கிளம்பும்போது ஊர்ப் பெண்கள் முடிந்து வைத்திருந்த சில்லறையைக் கையில் கொடுத்து அனுப்புவார்களாம். பெர்லினில் கட்டடக்கலை மாணவராக இருந்தபோதே பணம் திரட்டி, 2001இல் ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டினார்.

மண்ணால் கட்டலாம் என்றதும் ஊர் தயங்கியது. மழைக்கு மண்சுவர் கரைவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அனுபவத்தில் வந்த அந்தச் சந்தேகத்தை அறியாமை என்று தள்ளாததுதான் கேரேயின் பெருமை என்பேன். மண்கல்லில் ஒரு வளைவைக் கட்டி, மேலே ஏறிக் குதித்துக் காட்டினார். களிமண்ணில் கொஞ்சம் சிமெண்ட் சேர்த்தார். துளை விட்ட மண்கல் உட்கூரைக்கு மேலே, கம்பிச் சட்டத்தில் தகரத்தைத் தூக்கி நிறுத்தினார். சூடு இடைவெளி வழியே போய்விடும். சுவரைத் தாண்டி நீளும் தகரம் மழையைச் சுவரில் அண்டவிடாது.

கட்டியது ஊர்தான். பிள்ளைகள் அஸ்திவாரத்துக்குக் கல் கொண்டுவந்தார்கள். ஊர்க்காரர்கள் மண்தரையைத் தாளத்தோடு தட்டித் தட்டி இறுக்கி, கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். பிறகு நூலக வேலை தொடங்கியபோது பெண்கள் தலையில் பானைகளைச் சுமந்து வந்தார்கள். அவற்றை அறுத்துக் கூரையில் பதித்தார்கள். வெளிச்சம் இறங்கும், வெக்கை ஏறிப்போகும். தன் வீட்டுப் பானை கூரையில் இருக்கிற கட்டடத்தை எந்தப் பெண் கைவிடுவாள்?

120 பிள்ளைகளோடு இருந்த பள்ளி 700 ஆனது. வேலை கற்ற இளைஞர்களுக்கு வெளியிலும் கூலி கிடைத்தது. 2022இல் கேரேக்கு, கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் விருது, ஆப்பிரிக்காவிலிருந்து முதல் ஆள்.

கருத்துக்கேட்பு நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். வரைபடத்தை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரே ஒரு மாதிரி வீடு கட்டுங்கள். அந்த அம்மாவை அதில் ஒரு வேளை சமைக்கச் சொல்லுங்கள். குழம்பு கொதிக்கும்வரை நீங்களும் உள்ளேயே நில்லுங்கள்.