மேன் பக்கத்தைத் தூக்கியது யார்?

மேன் பக்கம் என்பது கமாண்டுகளுக்கு சிஸ்டத்தோடேயே வரும் கையேட்டுப் பக்கம். டாக்கரில் (ஒரு சிஸ்டத்தைக் கன்டெய்னர் என்னும் தனிப்பெட்டிக்குள் ஓட்டும் கருவி) உபுண்டு லினக்ஸின் இமேஜ் ஒன்றை, அதாவது அந்தப் பெட்டிக்கான அச்சை, இறக்கி, உள்ளே போய் டார் கமாண்டின் பக்கத்தைக் கேட்டு ‘மேன் டார்’ (man tar) என்று அடித்துப் பாருங்கள். பக்கம் வராது. ஆட்கள் லாகின் செய்யாத சிஸ்டத்துக்குத் தேவைப்படாததை எல்லாம் எடுத்துச் சுருக்கிவிட்டோம் என்கிற மாதிரி ஒரு அறிவிப்புதான் வரும். லாகின் செய்துதானே ஐயா அடிக்கிறேன்!

உடனே எல்லோரும் செய்வது மேன்-டிபி பேக்கேஜை இன்ஸ்டால் செய்வது. அதனால் பயனில்லை. படிக்கும் கருவி வந்துவிடும், படிக்கப் பக்கம் இருக்காது. பேக்கேஜ்களைப் போடும் டிபிகேஜியின் (dpkg) அமைப்புக் கோப்புகளில் ‘பாத்-எக்ஸ்க்லூட்’ (இந்த இடத்துக் கோப்புகளை விட்டுவிடு) என்று ஒரு வரி உட்கார்ந்திருக்கும். அது இருக்கும்வரை, புதிதாகப் போடும் பேக்கேஜின் மேன் பக்கங்களும் டிஸ்க்கில் இறங்காது. அந்த வரியை எடுத்துவிட்டு, வேண்டிய பேக்கேஜை ‘ரீஇன்ஸ்டால்’ கொடுத்து மறுபடி போட வேண்டும். உபுண்டுவில் மொத்தமாகத் திரும்பக் கொண்டுவர ‘அன்மினிமைஸ்’ கமாண்ட் இருக்கிறது. ரெட் ஹேட் குடும்ப லினக்ஸ்களில் பக்கங்களை இறங்கவிடாமல் தடுப்பது ‘நோடாக்ஸ்’ (nodocs). அங்கே பேக்கேஜ் போடும் டிஎன்எஃப்பின் கான்ஃபிக்கில் தேடுங்கள். ஆல்பைன் லினக்ஸில் பக்கங்கள் ‘டாக்’ என்று முடியும் தனிப் பேக்கேஜ்களில் இருக்கும்.

எல்லாப் பழியும் இமேஜ் மேல் இல்லை. ‘மேன் சிடி’ வரவில்லையா? சிடி, நாம் அடிப்பதை வாங்கி ஓட்டும் பாஷுக்குள்ளேயே இருக்கும் கமாண்ட், ‘ஹெல்ப் சிடி’ என்று கேளுங்கள். டெபியன் லினக்ஸில் ‘மேன் 3 பிரிண்ட்எஃப்’ (சி மொழி ஃபங்ஷனின் பக்கம்) கிடைக்கவில்லை என்றால் மேன்பேஜஸ்-டெவ் பேக்கேஜைப் போட்டிருக்க மாட்டீர்கள். பக்கம் திறக்கிறது, சொல்லைக் கொடுத்துப் பக்கத்தைத் தேடும் அப்ரோபோஸ் மட்டும் கைவிரிக்கிறது என்றால் ரூட்டாக இருந்து மேன்டிபி (mandb) கமாண்டை ஓட்டினால் போதும்.

என் ஆத்திரம் வேறு. 1971 நவம்பரில் முதல் யுனிக்ஸ் கையேடு வந்த காலத்திலிருந்து இந்தப் பக்கங்கள் சிஸ்டத்தோடு ஒட்டியே வந்திருக்கின்றன. உங்கள் மெஷினில் இருக்கும் பதிப்புக்கு என்ன ஆப்ஷன் என்பதை அதுதான் சொல்லும். நெட்டில் தேடினால் வேறு யாருடைய மெஷினுக்கான பதிலோ கிடைக்கும். கோப்பில் உரையை மாற்றும் செட் (sed) கமாண்டின் ‘ஐ’ (-i) ஆப்ஷனையே பாருங்கள். லினக்ஸில் அப்படியே ஓடும் வரி, மேக்கில் எரர் அடிக்கும். அங்கே பேக்கப்புக்கான பின்னொட்டையும் கொடுத்தாக வேண்டும், வெறும் மேற்கோள்குறியாவது. மேக்கின் மேன் பக்கத்தில் இது இருக்கிறது. யார் பார்க்கிறார்கள்?

புரொடக்ஷனில் ஓடும் கன்டெய்னருக்குப் பக்கம் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்கள் உட்கார்ந்து வேலை பழகும் இமேஜிலும் சில மெகாபைட்டுக்காக ஏன் கத்தரிக்க வேண்டும்? டெபியன் கொள்கைப்படி ஒரு புரோகிராமுக்கு மேன் பக்கம் இல்லாவிட்டால் அது பக். அதே டெபியனின் சுருக்கிய ‘ஸ்லிம்’ இமேஜில் பக்கங்கள் கிடையாது. ஒரு காலத்தில் அதில் ஜாவா போடப் போனால், பக்கங்கள் போய் உட்காரும் மேன்1 டைரக்டரி இல்லை என்று இன்ஸ்டாலேஷனே பாதியில் நின்றது. படிக்க ஒரு பக்கமும் வராது என்று தெரிந்தும், இமேஜ் கட்டுவதற்கான டாக்கர்ஃபைலில் அந்த டைரக்டரியைக் காலியாக உருவாக்கிவிட்டுத்தான் மேலே போனார்கள். உபுண்டு அறிவிப்பாவது அன்மினிமைஸ் பெயரைச் சொல்கிறது. ஸ்லிமில் அதுவும் இல்லை.