மரின்ஸ்கி ஆர்கெஸ்ட்ரா யாருடையது?

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரின்ஸ்கி தியேட்டரின் வாத்தியக் குழுவைப் பற்றி யார் எழுதினாலும் ‘கெர்கியேவின் ஆர்கெஸ்ட்ரா’ என்றுதான் எழுதுகிறார்கள். வலேரி கெர்கியேவ் 1988இலிருந்து தலைமையில் இருக்கிறார், உலகம் முழுக்கக் கூட்டிக்கொண்டு போனார், எல்லாம் சரி. ஆனாலும் அந்தக் குழுவை ஒரு ஆளின் பெயரில் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், நான் எழுதுவது எடுவர்ட் நாப்ராவ்னிக் பெயரை.

அவர் ரஷ்யரே அல்ல, செக் நாட்டுக்காரர். 1869இல், குச்சி பிடித்து ஆர்கெஸ்ட்ராவை வழிநடத்தும் முதன்மை நடத்துநரானார். அப்புறம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்தத் தியேட்டரே வாழ்க்கை. முசோர்க்ஸ்கியின் ‘போரிஸ் கொதுனோவ்’ என்ற ஓபெரா, அதாவது இசை நாடகம், 1874இல் அவர் கையசைப்பில்தான் அரங்கேறியது. சைக்கோவ்ஸ்கியின் ‘இஸ்பேட் ராணி’ 1890இல், ‘இயோலாந்தா’ 1892இல். ரிம்ஸ்கி-கோர்சகோவின் ஓபெராக்கள் வேறு. மை காயாத புதுத் தாள்களை வருடா வருடம் வாசித்து வாசித்தே அந்தக் குழு தேறியது. பாலே நடனத்தின் பக்கம் ரிக்கார்தோ திரிகோ என்ற இத்தாலியர். ‘உறங்கும் அழகி’, ‘நட்கிராக்கர்’ இரண்டின் முதல் காட்சிகளும் அவர் நடத்தியவை.

வெளியூர்க்காரர்கள் கதை இன்னும் பழையது. கிளிங்காவின் ‘ஜாருக்காக ஒரு உயிர்’ 1836இல் அரங்கேறியபோது நடத்தியவர் வெனிஸிலிருந்து வந்த கத்தெரினோ காவோஸ். அவருடைய மகன் அல்பெர்த்தோ கட்டியதுதான் மரின்ஸ்கி கட்டடம். 1860இல் அதே ஓபெராவோடு திறந்தார்கள். ‘தூய ரஷ்யக் கலை’ என்று மார்தட்டுகிறவர்கள் இந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் விசாரிக்கலாம்.

சோவியத் காலத்தில் கிரோவ் என்று பெயர் மாறியது. வாசித்தவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. புரோகோஃபியேவின் ‘ரோமியோ ஜூலியட்’ பாலே 1940இல் அங்கே மேடையேறுவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இதை வாசிக்க முடியாது என்று வாத்தியக்காரர்கள் கூடி முடிவெடுத்தார்கள்! பிறகு வாசித்தார்கள், அது வேறு. போர் வந்ததும் தியேட்டரையே பெர்ம் நகருக்கு மாற்றினார்கள். கச்சதூரியனின் ‘கயானே’ பாலே 1942 டிசம்பரில் அரங்கேறியது அங்கேதான். சர்க்கஸ்களில் எல்லாம் ஒலிக்கும் அந்த வாள் நடன இசை அதிலுள்ளதுதான்.

ஜார், கட்சி, இன்றைய கிரெம்ளின் என்று யார் இருந்தாலும் சம்பளம் அரசாங்கப் பணம். அதனால்தான் குழு பிழைத்தது, அதனால்தான் கூப்பிட்ட இடத்துக்கும் போனது. 2016இல் சிரியாவின் பால்மைராவில் இடிபாடுகளுக்கு நடுவே வாசித்தார்கள். புதின் காணொளியில் பேசினார். இசையை அப்படிப் பயன்படுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. 2022இல் உக்ரைன் போரைக் கண்டிக்காததால், தன் முதன்மை நடத்துநராகவும் இருந்த கெர்கியேவை மியூனிக் ஃபில்ஹார்மோனிக் என்ற ஜெர்மன் ஆர்கெஸ்ட்ரா நீக்கியது. அது அவருக்குத் தகும் என்பேன், ஏனென்றால் பேசவும் மறுக்கவும் அவருக்கு இடம் இருந்தது. பின்வரிசையில் வயோலா வாசிக்கிறவருக்கு அந்த இடம் கிடையாது. இருவரையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2023 டிசம்பரில் மாஸ்கோவின் போல்ஷோய் தியேட்டரையும் கெர்கியேவிடமே ஒப்படைத்துவிட்டார்கள். ஜார் காலத்திலும் இரண்டும் ஒரே இலாகாவின் கீழ்தான் இருந்தன. ஆனால் அந்த இலாகாவை நடத்தியவர்கள் அதிகாரிகள், குச்சி பிடிக்கிறவர்கள் அல்ல. இப்போது இரண்டு ஊருக்கும் ரசனை ஒரே ஆளுடையது. மரின்ஸ்கிக்கு இது நல்லதே அல்ல.