ஃபார்வர்டு பாஸ் 1913-இல் பிறந்ததல்ல

அமெரிக்கக் கால்பந்தில் ஃபார்வர்டு பாஸை, அதாவது பந்தை முன்னோக்கிச் சக வீரருக்கு எறிவதை, கண்டுபிடித்தது 1913-இன் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அந்த ஆண்டு நோட்டர் டேம், ஆர்மி (அமெரிக்க ராணுவ அகாடமி) அணியை 35-13 என வீழ்த்தியது அருமையான ஆட்டம்தான். நோட்டர் டேம் வீரர் டோரெய்ஸ் எறிய, அவரது சக வீரர் ராக்னி பிடித்ததை நாடே பேசியது. ஆனால் பந்தை முன்னோக்கி எறிய விதி இடம் கொடுத்தது 1906-இல். அந்தச் செப்டம்பரிலேயே, கரோல் கல்லூரிக்கு எதிராக, செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் எறிந்துவிட்டார். முதல் வீச்சு யார் கையிலும் படாமல் விழுந்தது. அன்றைய விதிப்படி பந்தே எதிரணிக்குப் போய்விடும், அவ்வளவு கடுமையான தண்டனை! அப்புறமும் அவர் தயங்கவில்லை. அடுத்து எறிந்ததை ஜாக் ஷ்னைடர் பிடித்து டச்டவுன் (எதிரணியின் கோல்கோட்டைத் தாண்டிப் பெறும் புள்ளிகள்) ஆக்கினார். எடி கோச்செம்ஸ் பயிற்சி கொடுத்த அந்த அணி, அந்தப் பருவத்தின் 11 ஆட்டங்களையும் வென்றது.