ஏழு எழுத்துக்கு மட்டும் காசு

2025 ஜனவரியில் அமெரிக்கக் கடைத் தொடரான வால்மார்ட் புது லோகோ வெளியிட்டபோது இணையம் விழுந்து விழுந்து சிரித்தது. பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்து ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னால் மூன்றுக்கு மேல் தேறாது. எழுத்து கொஞ்சம் தடித்திருக்கிறது, நீலம் அழுத்தமாகியிருக்கிறது, மஞ்சள் தீப்பொறிக் குறியின் கதிர்கள் பருத்திருக்கின்றன. இதுக்கு எவ்வளவு வாங்கியிருப்பாங்க என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். லோகோ வரைந்து பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கும் அதே கேள்விதான், கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சலும்.

ஆனால் அந்தப் பெயர் பிறந்த கதை தெரிந்தவர்கள் இவ்வளவு சிரிக்க மாட்டார்கள்.

சாம் வால்டன் அப்போது அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பென் ஃபிராங்க்ளின் என்ற தொடரின் பெயரை வாங்கிக் கடைகள் நடத்திக்கொண்டிருந்தார். குறைந்த லாபத்துக்குத் தள்ளுபடிக் கடை போடலாம் என்று அவர்களிடம் கேட்டுப் பார்த்தார், ஒத்துக்கொள்ளவில்லை. சொந்தமாகவே இறங்கினார். முதல் கடைக்கான பணத்தில் 95 சதவீதம் அவரும் மனைவியும் கடன் வாங்கிப் போட்டது. என்ன பெயர் வைப்பது? சின்ன விமானம் ஒன்றில் போகும்போது, மூன்று நான்கு வார்த்தை நீளத்துக்குச் சில பெயர்களை ஒரு அட்டையில் எழுதி, கடை மேலாளர் பாப் போகிளிடம் நீட்டினார். போகிள் அட்டையின் அடியில் ஒரே வார்த்தையைக் கிறுக்கினார்: வால்மார்ட். ஆங்கிலத்தில் ஏழே எழுத்து.

அவர் சொன்ன காரணம்தான் எனக்குப் பிடித்தது. அழகு, அர்த்தம், ராசி எதையும் அவர் பேசவில்லை. பென் ஃபிராங்க்ளின் பலகைக்கு எழுத்து வாங்க என்ன செலவு, அதற்கு நியான் விளக்குப் போட என்ன செலவு, பழுதானால் சரிசெய்ய என்ன செலவு என்று அவருக்குத் தெரியும். அது 11 எழுத்து, இது 7. கணக்கு முடிந்தது. வால்டன் பதிலே சொல்லவில்லையாம். சில நாள் கழித்து போகிள் கடைப்பக்கம் போனால், முதல் மூன்று எழுத்து சுவரில் ஏறியிருக்கிறது, பலகைக்காரர் நாலாவது எழுத்தோடு ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறார். இதை வால்டனே எழுதி வைத்திருக்கிறார். 1962 ஜூலை 2, ராஜர்ஸ் ஊரில் கடை திறந்தது.

லோகோ என்று ஒன்று அப்போது கிடையவே கிடையாது. அச்சுக்காரர் கையில் எந்த எழுத்துரு இருந்ததோ அதுதான். 1964-ல்தான் கௌபாய் பட போஸ்டர் சாயலில் ஃபிரான்டியர் எழுத்து வந்தது, பெயருக்கு நடுவே ஒரு கோட்டோடு. 1981-ல் பழுப்பு நிறம். அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வால்டன் காலமான 1992-ல் கோடு போய் நட்சத்திரம் வந்தது.

2008-ல் பெரிய மாற்றம். முழுக்கப் பெரிய எழுத்தில் அதட்டிக்கொண்டிருந்த பெயர் சின்ன எழுத்துக்கு இறங்கியது. நட்சத்திரம் போய், கடைசியில் ஆறு கதிர் மஞ்சள் பொறி. லிப்பின்காட் என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் வேலை. அந்தப் பொறி மாதிரி நட்சத்திரக் குறி (*) போட்டால் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்றுதானே ஊரில் அர்த்தம் என்று நானே அன்று நக்கலடித்திருக்கிறேன். குறைந்த சம்பளம், சிற்றூர்க் கடைகள் மூடப்படுவது என்று கம்பெனிமேல் விமர்சனம் குவிந்திருந்த காலம் அது. அந்தப் புகார்களில் ஒன்றுகூட எழுத்துருவைப் பற்றியது இல்லை. ஆனாலும் முகம் மட்டும் சாந்தமானது.

லோகோவால் கடை ஓடும் என்று நம்புகிறவர்கள் போட்டிக் கடைத் தொடரான கேமார்ட்டைப் பார்க்க வேண்டும். 1962 மார்ச்சில், வால்மார்ட்டுக்கு முன்பே, பெரிய கம்பெனியின் பலத்தோடு தொடங்கியது. 1990-ல் பெரிய சிவப்பு ‘கே’ எழுத்தோடு புது லோகோ போட்டார்கள். 2002-ல் திவால் மனு. அதே 1962 மே மாதம் தொடங்கிய இன்னொரு போட்டித் தொடரான டார்கெட், பல வளையங்களாக இருந்த குறியை 1968-ல் ஒரு வளையம், ஒரு புள்ளி என்று சுருக்கியது. அதன் பிறகு அதன் வடிவத்தில் கைவைக்கவே இல்லை. அந்தத் துணிச்சல்மேல் எனக்குப் பொறாமை உண்டு. எங்கள் தொழிலில் ‘இது நல்லாத்தான் இருக்கு, விட்டுடுங்க’ என்று சொன்னால் பில் போட முடியாது.

அதனால்தான் 2025 மாற்றத்தை நான் போகிளின் கணக்காகவே பார்க்கிறேன். அமெரிக்காவில் மட்டும் 4,000-க்கு மேல் கடைகள். பழைய பலகையும் புதிய பலகையும் ஒரே நேரத்தில் தொங்கினாலும் வாங்க வருகிறவருக்கு உறுத்தாது. எதையும் அவசரமாகக் கழற்ற வேண்டாம். புது எழுத்தின் சாயல்கூட வால்டன் போட்டிருந்த தொப்பியில் இருந்த பழைய எழுத்திலிருந்து எடுத்ததுதான்.

பெயருக்கு நடுவே இருந்த அந்தக் கோட்டை மட்டும் விட வால்மார்ட்காரர்களுக்கு மனசு வரவில்லை. கடை ஊழியர்கள் காலையில் சேர்ந்து போடும் கோஷத்தில் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கத்துவார்கள். கோடு வரும் இடத்தில் இடுப்பை ஆட்டுவார்கள். 1975-ல் கொரியாவில் ஒரு டென்னிஸ் பந்துத் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வந்து வால்டன் தொடங்கிய வழக்கம் அந்தக் கோஷம். பலகையில் கோடு 1992-லேயே போய்விட்டது. கம்பெனியின் சட்டப்பூர்வப் பெயரிலிருந்து அதை எடுத்தது 2018 பிப்ரவரி 1-ம் தேதிதான்.