வீட்டை விற்கும் பேச்சுக்கு முன்னால் ஐசிபியைக் கேளுங்கள்

இங்கிலாந்தில் வயதான அம்மாவையோ அப்பாவையோ நர்சிங் ஹோமில் (நர்ஸ் பராமரிப்புள்ள முதியோர் இல்லத்தில்) சேர்க்க வேண்டி வந்தால், அடுத்த பேச்சு வீட்டை விற்பதைப் பற்றித்தான். உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் சொத்துக் கணக்குப் பார்க்கும். 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் உங்கள் தலையில். துணைவர் போன்ற சிலர் அந்த வீட்டில் குடியிருந்தால் வீட்டைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

இந்த வரிசையே தலைகீழ். இவருடைய பராமரிப்பு அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் பொறுப்பா, கவுன்சில் பொறுப்பா என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். என்ஹெச்எஸ் பொறுப்பு என்றால் சொத்துக் கணக்கே கிடையாது. ஹோம் கட்டணம் முழுவதையும் உங்கள் பகுதிக்கான என்ஹெச்எஸ் அமைப்பான ஐசிபி (இன்டிகிரேட்டட் கேர் போர்டு) கட்டும். கன்டினியூயிங் ஹெல்த்கேர், சுருக்கமாக சிஹெச்சி என்பது இதுதான்.

ஐசிபிக்கள் 2022 ஜூலை 1 அன்று, பழைய சிசிஜிக்களின் (கிளினிக்கல் கமிஷனிங் குரூப்) இடத்தில் வந்தவை. அப்போது மொத்தம் 42. தாங்களாகச் சிகிச்சை தருவதில்லை. தம் பகுதி மக்களுக்கான சேவைகளைப் பணம் கொடுத்து ஏற்பாடு செய்கின்றன. 2006 என்ஹெச்எஸ் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மக்களின் நியாயமான தேவைகளுக்கு 'தான் அவசியம் என்று கருதும் அளவுக்கு' ஏற்பாடு செய்யச் சொல்கிறது. அந்த வாசகத்தில் ஐசிபிக்குக் கை வீசி நடக்க இடம் இருக்கிறது. அதனால் 'இது அநியாயம், எங்களிடம் பணமில்லை' என்று எழுதும் கடிதங்கள் எடுபடுவதில்லை. எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதில்தான் சட்டம் ஐசிபியை இறுக்கிப் பிடிக்கிறது. சண்டை போட வேண்டிய இடம் அது.

முதல் படி செக்லிஸ்ட். நர்ஸோ, டாக்டரோ, சோஷியல் வொர்க்கரோ மூச்சு, உணவு, நடமாட்டம், நடத்தை போன்ற 11 தேவைத் துறைகளுக்கு ஏ, பி, சி போடுவார். ஏ என்றால் அதிகத் தேவை. இரண்டு ஏ, அல்லது ஐந்து பி, அல்லது ஒரு ஏயும் நான்கு பியும், அல்லது நட்சத்திரக் குறியிட்ட துறையில் ஒரே ஒரு ஏ வந்தாலும் முழு மதிப்பீடு நடந்தாக வேண்டும். செக்லிஸ்ட் ஐசிபி கையில் கிடைத்து 28 நாளுக்குள் முடிவு வர வேண்டும் என்பது விதி. நியாயமான காரணமில்லாமல் இழுத்தடித்து, பிறகு தகுதி உண்டு என்று முடிவானால், 29ஆம் நாளிலிருந்து நீங்கள் கட்டியதைத் திருப்பிக் கேட்கலாம். 

முழு மதிப்பீட்டில் 12 துறைகள். நோயின் பெயர் எதையும் தீர்மானிக்காது. 'டிமென்ஷியா இருக்கிறது, ஆகவே கிடைக்கும்' என்பது தவறான நம்பிக்கை. தேவையின் தன்மை, கடுமை, சிக்கல், எப்போது என்ன ஆகும் என்று சொல்ல முடியாத நிலை ஆகிய நான்கையும் வைத்து 'பிரைமரி ஹெல்த் நீட்' (முதன்மையான தேவை உடல்நலம் சார்ந்ததே என்ற நிலை) உண்டா என்று பார்ப்பார்கள். ஒரு துறையில் 'பிரயாரிட்டி' என்ற உச்ச மட்டம், அல்லது இரண்டில் அதற்கு அடுத்த 'சிவியர்' வந்தால் தகுதி உண்டு என்ற பரிந்துரைதான் எதிர்பார்க்கப்படும்.

பெரும்பாலும் சறுக்குவது ஹோமின் தினசரிக் குறிப்பில். குளிப்பாட்டும்போது அம்மா அடித்து, கடித்து, இரண்டு பேர் பிடித்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். குறிப்பில் 'பெர்சனல் கேர் கொடுக்கப்பட்டது, அமைதியாக இருந்தார்' என்று ஒரே வரி. மதிப்பிட வருபவர் அந்த வரியைத்தான் படிப்பார். ஆகவே மதிப்பீட்டுக்குச் சில வாரம் முன்பே நடத்தைப் பதிவேடு எழுதச் சொல்லுங்கள். எடைக் குறிப்பு, படுக்கைப்புண் குறிப்பு, மருந்து அட்டை ஆகியவற்றின் நகல் வாங்கி வையுங்கள். மதிப்பீட்டுக் கூட்டத்தில் 'பரவாயில்லை, சமாளிக்கிறோம்' என்று சொல்லும் நம் வழக்கமும் இங்கே கெடுதல். நன்றாகக் கவனிப்பதால் அடங்கியிருக்கும் தேவையும் தேவைதான் என்று தேசிய வழிகாட்டியிலேயே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள், மகன் மொழிபெயர்த்துக்கொண்டே வாதாடவும் முடியாது.

கூட்டத்தில் நர்ஸ், சோஷியல் வொர்க்கர் போன்ற பல துறையினர் குழு 'தகுதி உண்டு' என்று பரிந்துரைத்தபின், விதிவிலக்கான சூழலில், தெளிவான காரணம் எழுதித்தான் ஐசிபி அதை ஒதுக்க முடியும். பணமில்லை என்பது காரணமாகாது. 2025இல் ஐசிபிக்களின் நிர்வாகச் செலவைப் பாதியாக்கச் சொன்னார்கள். ஆள் குறைந்தாலும் கடமை அப்படியேதான்.

கவுன்சில் தரப்பிலும் எல்லை உண்டு. 1971 விபத்தில் ஊனமுற்ற பமீலா காக்லன் வழக்கில் 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சொன்னது: தங்குமிடத்தோடு ஒட்டி வரும் துணை நர்சிங்கைத்தான் கவுன்சில் தரலாம், அதற்கு மேற்பட்டது என்ஹெச்எஸ் பொறுப்பு. ஆகவே சோஷியல் வொர்க்கர் சொத்துப் படிவத்தை நீட்டினால், சிஹெச்சி முடிவு வந்ததா என்று எழுத்தில் கேளுங்கள்.

மறுத்தால் ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். முதலில் ஐசிபியிடமே, பிறகு என்ஹெச்எஸ் இங்கிலாந்தின் சுயாதீனக் குழு, கடைசியாகப் புகார்களை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன். முறையீட்டில் குடும்பக் கஷ்டத்தை எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டாம். எந்தத் துறையில் என்ன மட்டம் போட்டார்கள், எந்தத் தேதிக் குறிப்பு அதற்கு மாறாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதி, நகலை இணைத்து அனுப்புங்கள்.