மூன்று வேடத்தில் பெலே

(ஞாயிற்றுக்கிழமை மதியம். டிவியில் 2016இல் வந்த, பிரேசில் கால்பந்து வீரர் பெலேயின் வாழ்க்கைப் படம். ரிமோட் கோமதி அத்தையின் கையில். சரவணன் பயந்துகொண்டே பார்க்கிறான்.)

அத்தை: ஏன்டா, பிரேசில்காரர்கள் என்றாய்? வீட்டுக்குள்ளேயே இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்கள்?

சரவணன்: அங்கே போர்த்துகீசிய மொழிதான் அத்தை. படம் எடுத்தவர்கள் அமெரிக்கர்கள்.

அத்தை: சரி விடு, நம் படங்களில் வடநாட்டு வில்லனே சுத்தத் தமிழ் பேசுகிறான். இசை மட்டும் தெரிந்த கை மாதிரி இருக்கே?

சரவணன்: ஏ.ஆர். ரஹ்மான்.

அத்தை: அதானே பார்த்தேன்! அப்பா ஏன் ரேடியோ முன்னால் அழுகிறார்?

சரவணன்: 1950 உலகக் கோப்பை. சொந்த நாட்டிலேயே, ரியோவின் மரக்கானா மைதானம், கிட்டத்தட்ட 2 லட்சம் கூட்டம். பிரேசில் டிரா செய்தாலே கோப்பை. உருகுவேயிடம் 2-1 என்று தோற்றுவிட்டார்கள்.

அத்தை: இப்போது பையன் எழுந்து, "அழாதீங்கப்பா, நான் ஜெயித்துத் தருகிறேன்" என்பான் பார்.

சரவணன்: சொல்லிவிட்டான்.

அத்தை: சினிமாக்காரன் புத்தி எந்த ஊரிலும் ஒன்றுதான்!

சரவணன்: அது நிஜம் அத்தை. அப்போது பெலேவுக்கு 9 வயது.

அத்தை: ரயிலில் கடலை திருடி விற்பது?

சரவணன்: அதுவும் நிஜம். அவரே எழுதியிருக்கிறார்.

அத்தை: திருட்டைக்கூட மன்னிக்கலாம். மாம்பழத்தைக் காலால் உதைத்துப் பழகுகிறார்களே, அதைத்தான் பார்க்க முடியவில்லை. சரி, சீக்கிரம் சண்டைக்கு வா.

சரவணன்: சண்டை இல்லை, மேட்ச். 1958, ஸ்வீடன். பெலேவுக்கு 17 வயது. முழங்காலில் அடி. முதல் இரண்டு ஆட்டத்தில் இறங்கவே இல்லை. போதாததற்கு அணியோடு போன மனநல நிபுணர், "இவன் இன்னும் குழந்தை, சேர்க்காதீர்கள்" என்று சொல்லிவிட்டார்.

அத்தை: வில்லன் வந்துவிட்டான்! இதுதானே கட்டுக்கதை?

சரவணன்: இல்லை அத்தை, நடந்தது. "உங்களுக்குக் கால்பந்து தெரியாது, முழங்கால் சரியாக இருந்தால் பையன் ஆடுவான்" என்று கோச் ஃபியோலா முடித்துவிட்டார்.

அத்தை: முதுகில் 10? நியூமராலஜி பார்த்தார்களா?

சரவணன்: எண் போடாமலே பட்டியலை அனுப்பிவிட்டார்கள். யாரோ ஒருவர் இஷ்டத்துக்குப் போட்டதில் பெலேவுக்கு 10 விழுந்தது. வழக்கமாக 1 போடும் கோல்கீப்பருக்கு 3!

அத்தை: நம் ரேஷன் கார்டில் பெயர் போட்ட ஆள்தான் அங்கேயும் போயிருக்கிறான். நிறுத்து, நிறுத்து. ஹோட்டலில் உட்கார்ந்திருக்கிறாரே அந்தப் பெரியவர், யார்?

சரவணன்: அவர்தான் பெலே.

அத்தை: அப்போ பந்தோடு ஓடுகிற பையன்?

சரவணன்: அவனும் பெலே.

அத்தை: ஆரம்பத்தில் கடலை திருடினானே சின்னவன்?

சரவணன்: அவனும்தான்.

அத்தை: மூன்று வேடம்! கமல்ஹாசன் தோற்றார்.

சரவணன்: அத்தை, அந்தப் பெரியவர் நிஜப் பெலே. சும்மா ஒரு காட்சிக்கு வந்துவிட்டுப் போகிறார்.

அத்தை: தன் கதையிலேயே வசனம் கேட்டு வாங்கத் தெரியாத மனுஷன். மஞ்சள் சட்டைக்காரர்கள் ஏன் திடீரென்று நீலத்தில் வருகிறார்கள்?

சரவணன்: ஃபைனலில் எதிரணி ஸ்வீடனுக்கும் மஞ்சள். இவர்களிடம் மாற்றுச் சட்டை இல்லை. கடையில் நீலம் வாங்கி, பழைய சட்டையின் சின்னத்தைப் பிரித்துத் தைத்தார்கள். "நீலம் நம் நாட்டைக் காக்கும் அபரேசிதா மாதாவின் நிறம், ஜெயம் நமக்கே" என்று அணிக் குழுவின் தலைவர் தைரியம் சொன்னாராம்.

அத்தை: (கன்னத்தில் போட்டுக்கொண்டு) இதை நான் நம்புகிறேன்.

சரவணன்: பிரான்ஸுக்கு எதிராக 3 கோல், ஃபைனலில் 2. மார்பில் வாங்கி, டிஃபெண்டர் தலைக்கு மேலே தட்டி, தரையில் விழும் முன்னே... அதோ! 5-2.

அத்தை: (கண்ணைத் துடைத்தபடி) அதற்குள் முடிந்துவிட்டதா? அப்புறம் ஒன்றும் ஜெயிக்கவில்லையா?

சரவணன்: 1962, 1970. மொத்தம் 3 கோப்பை.

அத்தை: அதையெல்லாம் விட்டுவிட்டு 17 வயதிலேயே சுபம் போட்டால் எப்படி? நம் சீரியல்காரர்களிடம் கொடுத்திருந்தால் 1970 வரை அழகாக இழுத்திருப்பார்கள்.

சரவணன்: அவர்களிடம் கொடுத்திருந்தால் அந்த முழங்காலே இன்னும் சரியாகியிருக்காது அத்தை.