சாப்பாட்டுக்குப் பதில் ஜூஸ்: செய்து பார்த்தபின் என் கருத்து

ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வீட்டிலேயே ஜூஸ் போட்டுக் குடிக்கலாமா என்று தெரிந்தவர்கள் பலர் கேட்கிறார்கள். கொஞ்ச காலமாக நான் இதை விதவிதமாகச் செய்து பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடிகட்டிய ஜூஸ் சாப்பாட்டுக்கு ஈடாகாது. பழத்தை முழுசாக, புரதமும் கொழுப்பும் சேர்த்து அரைத்தால் ஈடாகும். டம்ளரில் ஊற்றி வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். வயிற்றுக்குள் போனபின் நடப்பது வேறு வேறு.

வழக்கமான கலவையில்தான் ஆரம்பித்தேன். இரண்டு ஆப்பிள், இரண்டு கேரட், ஒரு பீட்ரூட், ஒரு துண்டு இஞ்சி. ஜூஸரில் போட்டதும் ஒரு பக்கம் கருஞ்சிவப்பாக நுரை கட்டிச் சாறு இறங்கும், மறுபக்கம் டப்பாவில் ஈரச் சக்கை சேரும். அந்தச் சக்கையில் ஒரு சிட்டிகை எடுத்து மென்று பாருங்கள். இனிப்பு இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும், பல்லில் நார்தான் அகப்படும். இனிப்பெல்லாம் டம்ளருக்குப் போய்விட்டது, நாரெல்லாம் குப்பைக்குப் போகக் காத்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நடுத்தர அளவில் எடுத்துக்கொண்டால் அந்த ஆப்பிள், கேரட், பீட்ரூட் எல்லாவற்றிலும் சேர்த்துச் சுமார் 275 கலோரி, 50 கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை, 14 கிராம் நார்ச்சத்து இருக்கும். புரதம் மூன்று கிராமைக் கொஞ்சம் தாண்டும், கொழுப்பு பெயருக்குத்தான். பிழிந்தபின் சர்க்கரையில் பெரும்பகுதி சாறோடு வந்துவிடுகிறது, நாரில் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் நாம் அள்ளிப் போடும் சர்க்கரையோடு ஒரே கணக்கில் சேர்த்திருக்கிறது. முழுப் பழத்தில் இருப்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அதன் உச்ச வரம்பு 50 கிராம், முடிந்தால் 25 கிராமுக்குள் வையுங்கள் என்கிறது. ஒரு டம்ளரிலேயே வரம்பை நெருங்கிவிடுகிறோம், அதையும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறோம் என்ற நம்பிக்கையோடு.

காலை உணவுக்குப் பதில் அதைக் குடித்த நாட்களில் முதல் ஒரு மணி நேரம் அருமையாகத்தான் இருந்தது, உடம்பு லேசாக, சுறுசுறுப்பாக. பதினொரு மணி வாக்கில் கை லேசாக நடுங்குகிற மாதிரி ஒரு பசி வரும். மதியம் தட்டில் வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டுக்கொள்வேன். இது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. 1977-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆப்பிளை முழுசாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்து ஒப்பிட்டார்கள். முழு ஆப்பிளைச் சாப்பிட்டதைவிடச் சாற்றைப் பதினொரு மடங்கு வேகமாகக் குடித்து முடித்தார்கள். வயிறு நிறைந்த உணர்வு சாற்றில்தான் குறைவு. இன்சுலின் அதிகம் ஏறி, அதன்பின் ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கியதும் சாற்றில்தான். பழம் ஒன்றுதான், நார் இருக்கிறதா, மென்றோமா என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும்போல இருந்தால் என்ன கொடுக்கச் சொல்கிறார்கள்? அரை டம்ளர் பழச்சாறு. சுமார் 15 கிராம் சர்க்கரை பதினைந்து நிமிடத்தில் வேலை செய்துவிடும் என்பதற்காக. அவசரத்துக்கு அது நல்லதுதான். ஆனால் நான்கு மணி நேரம் நின்று தாங்க வேண்டிய ஒரு வேளை உணவுக்கு நேர் எதிரான குணம் அது.

எடை குறைகிறதே என்பார்கள். குறையும், முதல் சில நாட்களில் நன்றாகவே குறையும். உடம்பு கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கிறது. கலோரியை வெட்டியதும் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் போகிறது, தராசு முள் சந்தோஷமாக இறங்குகிறது. பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் அந்த எடை திரும்பி வந்துவிடும். ஜூஸை மட்டுமே நம்பி நாட்களை நீட்டினால் புரதம் போதாமல் தசையும் கரையும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 48 கிராம் புரதம் வேண்டும், ஒரு டம்ளர் சாற்றில் இரண்டு மூன்று கிராம் கிடைத்தாலே அதிகம். அப்புறம், நச்சு நீக்கம் என்ற பேச்சு. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நாள் முழுக்கச் செய்துகொண்டேதான் இருக்கின்றன.

சரி, சாப்பிட நேரமே இல்லாத காலை என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு என்ன? எனக்கு ஒத்துவந்தது இது. ஜூஸரை உள்ளே வைத்துவிட்டு மிக்ஸியை எடுத்தேன். ஒரு ஆப்பிளைத் தோலோடு நறுக்கிப் போட்டு, ஒரு கிண்ணம் தயிர், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, 40 கிராம் ஓட்ஸ், கொஞ்சம் தண்ணீர். ஓட்ஸையும் கடலையையும் முதலில் தனியாகப் பொடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் திப்பி திப்பியாக நிற்கும். இதில் சுமார் 20 கிராம் புரதம், பத்துப் பதினோரு கிராம் நார், 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. கேரட் போடுகிற நாளில் கடலையில் உள்ள கொழுப்பு இன்னொரு வேலையும் செய்கிறது, கேரட்டில் உள்ள, வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். வெறும் கேரட் சாற்றில் அந்த வசதி இல்லை. டம்ளரைத் தூக்கி மடமடவென்று குடிக்காமல், கெட்டியாக அரைத்து ஸ்பூனால் சாப்பிடுகிறேன். மதியம் வரை தாங்குகிறது. இதைச் சாப்பாடு என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

சாறு பிடிக்கும் என்றால் தாராளமாகக் குடியுங்கள், சாப்பாட்டோடு, சின்ன டம்ளரில். பிரிட்டனின் அரசு சுகாதாரத் துறை நாளுக்கு 150 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறது. பிழிந்ததும் குடித்துவிடுவது நல்லது. காற்றுப் பட்டால் வைட்டமின் சி குறையும், கொதிக்க வைக்காத சாற்றில் கிருமி வளரவும் வாய்ப்பு உண்டு. ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் பழச்சாறே கொடுக்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017-இலேயே சொல்லிவிட்டது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு ஓர் இடத்தில். யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்காமல், "மூணு வேளையும் ஜூஸ் குடிங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்கிறார்களே, அங்கே. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் சாப்பாட்டை விட்டால் ஆபத்தான அளவுக்குச் சர்க்கரை இறங்கலாம். பாலக்கீரையிலும் பீட்ரூட்டிலும், சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். தட்டில் வைத்துச் சாப்பிட்டால் ஒரு பிடி, பிழிந்தால் ஒரு கட்டே டம்ளருக்குள் போய்விடும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இது நல்லதில்லை. இப்படி நாள்கணக்கில் குடித்துச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மாத்திரை எடுப்பவர் திடீரென்று கீரைச் சாற்றை ஆரம்பித்தால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

என் சித்தி இரண்டு மாத்திரைகளைச் சர்க்கரைக்குச் சாப்பிடுகிறார். அவரிடம் ஒருவர் இந்த ஜூஸ் யோசனையைச் சொல்லி, அவரும் மறுநாள் காலையிலிருந்து ஆரம்பிக்கத் தயாராக இருந்தார். நல்லவேளை, பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னார். மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம் சித்தி என்றேன். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பழத்தை முழுசாக, அளவாகச் சாப்பிடச் சொன்னார். யோசனை சொன்னவர் அந்த மாத்திரைகளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.